தவறான குளியலில் வண்ணம்: படச்சுருள் மாற்றுக் கழுவலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வண்ணப் படச்சுருளை அதற்கென வகுக்கப்படாத வேதிக் கரைசல்களில் கழுவும் முறை ஆங்கிலத்தில் ‘கிராஸ் பிராசஸிங்’ எனப்படுகிறது. ஒளிப்பட வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஃபேஷன் இதழ்களில் பரவிய ஒரு பாணியாகவே பதிவு செய்கின்றன. இக்கட்டுரை அதனைப் படச்சுருளின் வேதி அமைப்பிலிருந்தும், அவ்வமைப்பைத் தீர்மானித்த தொழில் முடிவுகளிலிருந்தும் அணுகுகிறது. தவறான குளியல் ஒரு சுருளில் விசித்திரமான வண்ணத்தையும் மற்றொரு சுருளில் வெற்றுப் பட்டையையும் தருகிறது. சாயத்தை உண்டாக்கும் பொருள் சுருளுக்குள் வைக்கப்பட்டதா, குளியலுக்குள் வைக்கப்பட்டதா என்பதே இவ்வேறுபாட்டின் காரணம் என்பதும், அந்தத் தெரிவின் விளைவு இன்று ஆவணக் காப்பகங்களின் சிக்கலாக நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: வண்ணப் படச்சுருள், மாற்றுக் கழுவல், சாய இணைப்பி, சி-41, இ-6, கோடாக்ரோம், ஆவணக் காப்பு

முன்னுரை

தமிழ்நாட்டு ஒளிப்பட நிலையங்களில் படச்சுருளை வேதிக் கரைசல்களில் இட்டு உருவத்தை வெளிக்கொணரும் பணிக்குக் ‘கழுவுதல்’ என்று பெயர். ‘பிலிம் கழுவக் கொடுத்திருக்கிறது’ என்பது ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வீட்டு வழக்கு. கழுவுதல் என்பது ஒட்டியிருப்பதை நீக்குதல். ஆகையால் உருவம் முன்பே சுருளில் இருந்தது போலவும், மேலே படிந்திருந்த ஏதோ ஒன்று அகன்றதும் அது தெரிந்தது போலவும் இச்சொல் எண்ண வைக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் பிழையன்று. வண்ணப் படத்தின் நிலை வேறு. குளியலுக்குச் செல்லும் சுருளில் படத்தின் வண்ணம் என எதுவுமே இல்லை. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவுகள் மூன்று அடுக்குகளில் வெள்ளி ஹாலைடு படிகங்களின் நுண்மாற்றமாகப் பதிந்திருக்கின்றன, அவ்வளவே. கண் காணும் சாயங்கள் குளியலில்தான் பிறக்கின்றன. எனவே குளியல் மாறினால் படம் மாறும். சில வேளைகளில் படமே இல்லாது போகும்.

வழக்கில் உள்ள இச்சொல்லை ஒட்டி, ஒரு சுருளை வேறொரு சுருளுக்குரிய குளியலில் இடுவதனை இக்கட்டுரை ‘மாற்றுக் கழுவல்’ என்று குறிக்கிறது. இதனை முதலில் செய்தவர் யார் என்னும் வினா இங்கு எழுப்பப்படவில்லை. உறை மாறிய சுருள், கவனம் தப்பிய பணியாளர், விவரக்குறிப்பைப் படிக்காத பயனர் ஆகிய மூவரும் எல்லா நாடுகளிலும் இருந்தனர். கண்டுபிடித்தவரைத் தேடுவதனைவிட, அத்தவறு எப்போதிலிருந்து பார்க்கத்தக்க ஒரு படத்தைத் தரலாயிற்று என்று கேட்பதே வரலாற்றாய்வுக்குப் பயன் தரும்.

சாயத்தின் இருப்பிடம்

வண்ணப் படச்சுருளின் அடிப்படை வினையை 1911-12ஆம் ஆண்டுகளில் பெர்லினில் ருடால்ஃப் ஃபிஷர் வகுத்தளித்தார். உருத்துலக்கி வெள்ளி ஹாலைடை வெள்ளியாக ஒடுக்கும்போது தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அவ்வாறு மாறிய மூலக்கூறு, அருகில் தகுந்த மற்றொரு கரிமப் பொருள் இருப்பின் அதனோடு இணைந்து சாயமாகிறது. இந்த இரண்டாவது பொருளே சாய இணைப்பி. இணைப்பியின் தன்மைக்கேற்ப மஞ்சள், மெஜந்தா, சயான் எனச் சாயம் அமைகிறது. மூன்று அடுக்குகளிலும் மூன்று இணைப்பிகளை முன்னரே வைத்துவிட்டால் ஒரே உருத்துலக்கியில் முழு வண்ணப் படம் கிடைக்கும் என்பது ஃபிஷரின் கருத்து. கருத்து சரியானது. ஆனால் ஜெலட்டினுக்குள் இணைப்பிகள் தத்தம் அடுக்கில் நில்லாமல் அண்டை அடுக்குகளுக்குப் பரவின. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் இச்சிக்கல் தீரவில்லை.

பின்னர் ஓராண்டு இடைவெளியில் இரண்டு தீர்வுகள் வந்தன. 1935இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட கோடாக்ரோம், இணைப்பிகளைச் சுருளுக்குள் வைக்கும் முயற்சியையே கைவிட்டது. லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடோவ்ஸ்கி ஆகிய இரு இசைக்கலைஞர்கள் வகுத்த முறையில், சுருள் கிட்டத்தட்ட மூன்று கறுப்பு வெள்ளை அடுக்குகளின் தொகுப்பாகவே இருந்தது. சயான், மஞ்சள், மெஜந்தா இணைப்பிகள் தனித்தனி உருத்துலக்கிக் கரைசல்களில் கலக்கப்பட்டிருந்தன. (இருட்டறையில் கடிகாரம் பார்க்க இயலாததால் பிராம்ஸின் இசைப்பகுதியைச் சீழ்க்கையடித்து நேரத்தை அளந்தனர் என்று அவ்விருவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.) 1936இல் ஜெர்மனியின் வோல்ஃபன் ஆலையிலிருந்து வந்த அக்ஃபாகலர் எதிர்த்திசையில் சென்றது. அங்கு வில்மன்ஸ், ஷ்னைடர் ஆகியோரின் குழு, இணைப்பி மூலக்கூற்றுக்கு நீண்ட கொழுப்புச் சங்கிலி ஒன்றை வாலாகச் சேர்த்து அது அடுக்கை விட்டு நகராதபடி செய்தது. கோடாக் இதே நோக்கத்துக்கு இணைப்பிகளை நுண்ணிய எண்ணெய்த் துளிகளில் கரைத்து வைக்கும் வழியைப் பின்னர்க் கண்டது. 1942இன் கோடாகலர் நெகட்டிவும் 1946இன் எக்டாக்ரோம் ஸ்லைடும் அவ்வழியில் வந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வோல்ஃபன் ஆலையின் முறைகள் நேச நாடுகளின் விசாரணை அறிக்கைகள் வழியே பொதுவுடைமையாயின. பெல்ஜியத்தின் கேவாகலர், இத்தாலியின் ஃபெரானியாகலர், சோவியத் நாட்டின் சோவ்கலர் ஆகியவை அந்த வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) கேவாகலரில் எடுக்கப்பட்டது. 1964 முதல் ஆர்வோ என்னும் பெயரில் வோல்ஃபன் ஆலையிலிருந்து வந்த சுருள்களும் இந்தியத் திரைத்துறைக்கு அறிமுகமானவையே. ஆகவே தமிழ்த் திரைப்படத்தின் வண்ணம் தொடக்கத்தில் சேர்ந்திருந்தது அக்ஃபா வழிக் குடும்பத்தோடுதான்.

இணைப்பி சுருளில் இருக்கிறதா, குளியலில் இருக்கிறதா என்னும் இந்த வேறுபாட்டுக்கு வணிகப் பொருளும் உண்டு. எக்டாக்ரோமைப் பயனரே தம் இருட்டறையில் கழுவிக்கொள்ளலாம். அதற்கான பொருள்கள் தொகுப்பாகவே விற்கப்பட்டன. கோடாக்ரோமை அவ்வாறு செய்ய இயலாது. சுருளின் முதுகிலுள்ள கரிப்பூச்சை நீக்கி, முதல் உருத்துலக்கியில் இட்டு, அடியிலிருந்து சிவப்பு ஒளியும் மேலிருந்து நீல ஒளியும் காட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே சாயம் ஏற்றும் நீண்ட வரிசை அது; வேதியியலாளரின் நாள்தோறுமான கண்காணிப்பு அதற்குத் தேவை. அமெரிக்காவில் கோடாக்ரோமின் விலையிலேயே கழுவும் கூலியும் அடங்கியிருந்தது. சுருளை வாங்கியவர் அதனைக் கோடாக்கிடமே திருப்பி அனுப்ப வேண்டும். 1954 டிசம்பரில் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின் பின்னரே விற்பனையும் கழுவுதலும் பிரிக்கப்பட்டன. சட்டம் பிரித்ததனை வேதியியல் பிரிக்கவில்லை. பிற ஆய்வகங்கள் அவ்வேலையில் நுழைந்தன. எனினும் கோடாக்ரோம் உச்சத்தில் இருந்த காலத்திலும் உலகம் முழுவதிலும் அதனைக் கழுவிய ஆய்வகங்கள் ஏறத்தாழ 25 மட்டுமே.

இரண்டு தரங்கள், ஒரே வெப்பநிலை

1970-களுக்கு முன்னர்த் தவறான குளியல் பெரும்பாலும் அழிவையே தந்தது. ஒவ்வொரு முறைக்கும் தனி வெப்பநிலை இருந்தது. கோடாகலருக்குரிய சி-22 முறை ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலும், எக்டாக்ரோமுக்குரிய இ-4 முறை 29 பாகையை ஒட்டியும் இயங்கின. அக்காலச் சுருள்களின் ஜெலட்டின் மென்மையானது. தாங்கத்தக்க வெப்பத்தை மீறினால் படலம் சுருங்கிப் பிளவுபடும், அல்லது பட்டையிலிருந்து கழன்றுவிடும். இ-4 முறையில் சுருளை இறுக்குவதற்கென்றே ஒரு முன்குளியல் இருந்தமை இதற்குச் சான்று.

இந்நிலையை மாற்றியது ஒரு சிறிய கேமரா. 1972இல் கோடாக் வெளியிட்ட பாக்கெட் இன்ஸ்டமேட்டிக்கின் நெகட்டிவ் 13க்கு 17 மில்லிமீட்டர் அளவே கொண்டது. அவ்வளவு சிறிய சட்டத்திலிருந்து அஞ்சலட்டை அளவுக்குப் படம் எடுக்க வேண்டுமெனில் மணிகள் மிக நுண்ணியவையாக இருக்க வேண்டும். அதற்கெனப் புதிதாக வகுக்கப்பட்ட கோடாகலர் II சுருளோடு சி-41 முறையும் வந்தது. 37.8 பாகை வெப்பம், 3 நிமிடம் 15 விநாடி வண்ண உருத்துலக்கம், சிடி-4 என்னும் உருத்துலக்கி ஆகியவை அதன் அடையாளங்கள். 1976-77இல் ஸ்லைடுகளுக்கு இ-6 வந்தது. வெப்பம் அங்கும் 38 பாகைதான். உருத்துலக்கி மட்டும் சிடி-3. ஃபியூஜி, கோனிகா, அக்ஃபா ஆகியவை தத்தம் முறைகளுக்கு வேறு பெயர்களைச் சூட்டிக்கொண்டாலும், அடுத்த சில ஆண்டுகளில் இவ்விரு தரங்களோடும் பொருந்தும் சுருள்களையே உற்பத்தி செய்யலாயின. அதே காலத்தில் கடைவீதிக் கழுவு இயந்திரம் வந்தது. சுருளின் வாயைச் செருகினால் போதும். எஞ்சியதனை உருளைகள் பார்த்துக்கொள்ளும்.

இங்கு நிகழ்ந்ததன் முழுப் பொருள் அன்று எவருக்கும் தோன்றியிருக்க வேண்டியதில்லை. இரு தரங்களுக்குரிய சுருள்களும் ஒரே வெப்பத்தைத் தாங்கின. இரண்டிலும் இணைப்பிகள் உள்ளேயே இருந்தன. இரண்டின் குளியல்களும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றுக்குரிய சுருள் மற்றொன்றின் குளியலுக்குள் சென்றால் அழியாமல் வெளிவந்தது, வண்ணத்தோடும் வெளிவந்தது. மாற்றுக் கழுவலைத் தரப்படுத்தலுக்கு எதிரான கலகமாகப் பேசும் வழக்கம் ஒளிப்பட எழுத்துகளில் உண்டு. காலவரிசை அதற்கு இடந்தருவதில்லை. தரப்படுத்தலே மாற்றுக் கழுவலைச் சாத்தியமாக்கியது.

குளியல் மாறும்போது நிகழ்வது

ஸ்லைடு முறையில் முதற் குளியல் கறுப்பு வெள்ளை உருத்துலக்கி. அது ஒளி பட்ட படிகங்களைச் சாயமின்றி வெள்ளியாக்கிவிடும். ஒளி படாது எஞ்சிய படிகங்கள் அதன்பின் வேதிமுறையில் தூண்டப்பட்டு வண்ண உருத்துலக்கியில் சாயம் பெறும். வெளுப்பானும் நிலைநிறுத்தியும் வெள்ளி முழுவதையும் நீக்க, நேர் உருவம் எஞ்சும். நெகட்டிவ் முறையில் இந்த முதற் குளியல் இல்லை. ஒளி பட்ட படிகமே நேரடியாகச் சாயம் பெறுகிறது. எனவே ஸ்லைடுச் சுருளைச் சி-41இல் இட்டால் கிடைப்பது நெகட்டிவ். ஆனால் அது வழக்கமான நெகட்டிவாக இருப்பதில்லை.

முதலாவது, ஸ்லைடு நேரடியாகத் திரையில் காட்டப்படுவதற்கென வகுக்கப்பட்டது. அதன் ஒளிமாறுபாடு நெகட்டிவுடையதனைவிட இருமடங்குக்கும் மேற்பட்டது. அச்சுத்தாள் தன் பங்குக்கும் மாறுபாட்டைக் கூட்டும். இரண்டும் சேரும்போது முகத்தின் மென்சாயல்கள் மறைந்து வெண்மையாகின்றன. நிழல்கள் கறுத்து அடைத்துக்கொள்கின்றன. இரண்டாவது, சிடி-3க்கென வகுக்கப்பட்ட இணைப்பிகள் சிடி-4உடன் சேரும்போது உண்டாகும் சாயங்களின் நிறம் சற்று விலகுகிறது. மூன்றாவது காரணமே முதன்மையானது. மூன்று அடுக்குகளும் பழக்கமில்லாத உருத்துலக்கியில் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன. இதனால் ஒரு படத்தின் நிழற்பகுதி ஒரு நிறத்தின் பக்கமும் ஒளிப்பகுதி அதற்கு எதிர் நிறத்தின் பக்கமும் சாய்கின்றன. படம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அச்சிடும்போது வடிகட்டி வைத்துச் சரிசெய்யலாம். நிழலைச் சரிசெய்தால் ஒளிப்பகுதி மேலும் கெடும் என்னும்போது வடிகட்டி பயன்படாது. மாற்றுக் கழுவலின் தனித் தோற்றம் என்று கண்டறியப்படுவது பெரும்பாலும் இந்தச் சரிசெய்ய இயலாமையே.

இதனோடு அச்சு இயந்திரத்தின் பங்கையும் சேர்க்க வேண்டும். கோடாக்கின் வெஸ்லி ஹான்சன் உருவாக்கிய நிறமுடைய இணைப்பிகளால் வண்ண நெகட்டிவுக்கு ஆரஞ்சு நிற முகமூடி ஒன்று உண்டு. அது சாயங்களின் குறைகளை ஈடுசெய்வது. கடைவீதி இயந்திரம் எல்லா நெகட்டிவிலும் அதனை எதிர்பார்க்கிறது. ஸ்லைடுச் சுருளில் அம்முகமூடி இல்லை. இயந்திரம் இல்லாத ஆரஞ்சை ஈடுசெய்ய முனைந்து புதியதொரு சாய்வைச் சேர்க்கிறது. ஒரே நெகட்டிவை இரு கடைகளில் கொடுத்தவர் இரு வேறு படங்களைப் பெற்றதற்கு இதுவே காரணம்.

நெகட்டிவ் சுருளை இ-6இல் இடுவதும் உண்டு. அதன் விளைவு மங்கிய, மாறுபாடு குன்றிய, ஆரஞ்சு படர்ந்த நேர் உருவம். அது பெரிதாகப் பரவவில்லை.

ஆவணக் காப்பின் நோக்கில் குறிப்பிட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இ-6 வரிசையில் வெளுப்பானுக்கு முன் வரும் குளியலில் சாயத்தை நிலைப்படுத்தும் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது. சி-41 வழியே சென்ற ஸ்லைடுச் சுருள் அக்குளியலைக் காண்பதில்லை. எனவே மாற்றுக் கழுவலில் பிறந்த நெகட்டிவின் சாயங்கள் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு, அச்சுருளைச் செய்த நிறுவனம் அளித்த எந்த மதிப்பீடும் செல்லாது. காப்பகப் பதிவேடுகளில் சுருளின் பெயரை மட்டும் குறித்து, கழுவிய முறையைக் குறிக்காமல் விடும் வழக்கம் இவ்விடத்தில் தீங்கு செய்கிறது.

பிழை பாணியான வகை

1980-களிலும் 90-களிலும் ஐரோப்பிய, அமெரிக்க ஃபேஷன் இதழ்களும் விளம்பரங்களும் இத்தோற்றத்தை ஏற்றுக்கொண்டன. தோலின் நுண்குறைகள் வெண்மையில் மறைவதும், ஆடையின் நிறங்கள் இயல்பை மீறி எழுவதும் அத்துறைக்கு உகந்தவையாக இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் வியன்னா நகர மாணவர்கள், பிராகில் கண்ட சோவியத் தயாரிப்பான லோமோ எல்சி-ஏ கேமராவை மையமாக்கித் தொடங்கிய லோமோகிராஃபி இயக்கம், மாற்றுக் கழுவலைத் தொழில்முறை ஒளிப்படக்காரரிடமிருந்து பொழுதுபோக்காளரிடம் கொண்டுசென்றது.

திரைப்படத்தில் இது வேறொரு பொறுப்பை ஏற்றது. டேவிட் ஓ. ரஸ்ஸல் இயக்கிய ‘த்ரீ கிங்ஸ்’ (1999), 1991 வளைகுடாப் போர் முடிந்த நாள்களில் ஈராக்கில் நிகழும் கதை. அதன் ஒளிப்பதிவாளர் நியூட்டன் தாமஸ் சீகல், படத்தின் முற்பகுதிக்கு எக்டாக்ரோம் ஸ்லைடுச் சுருளைப் பயன்படுத்தி நெகட்டிவ் குளியலில் கழுவச் செய்தார். வெளுத்த பாலைவனமும் அடர்ந்த நிழல்களும் செய்தித்தாளில் அச்சான போர்ப் படங்களை நினைவூட்ட வேண்டும் என்பது நோக்கம். பின்னர் வீட்டுக் காட்சிக்கு வந்த ஒளிநாடாவின் தொடக்கத்தில், இயல்பற்ற வண்ணங்களும் காட்சித் திரிபுகளும் படைப்பாளிகள் வேண்டுமென்றே செய்தவை என்னும் அறிவிப்பு இடம்பெற்றது. திரையரங்கில் பாணியாக நின்றது வீட்டுத் தொலைக்காட்சியில் பழுதாகத் தோன்றக்கூடும் என்னும் கவலையை அவ்வறிவிப்பு காட்டுகிறது. ஆலிவர் ஸ்டோனின் ‘யு டர்ன்’ (1997), டோனி ஸ்காட்டின் ‘டொமினோ’ (2005) ஆகியவையும் நேர்படிமச் சுருளை நெகட்டிவ் குளியலில் இட்டு எடுக்கப்பட்டவை.

2010 அக்டோபரில் இன்ஸ்டகிராம் வெளியானபோது அதன் தொடக்கக்கால வடிகட்டிகளுள் ஒன்றின் பெயர் ‘எக்ஸ்-புரோ II’. மாற்றுக் கழுவலின் ஆங்கிலச் சுருக்கமே அது. குளியலில் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு விதமாக விலகியது; வடிகட்டியோ எல்லாப் படங்களையும் ஒரே அளவு விலக்கியது. அதனைப் பயன்படுத்திய பல இலட்சம் பேரில் பெரும்பாலோர் அப்பெயரின் பின்னுள்ள இயந்திரத்தைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

‘சரியான’ வண்ணம் யாருக்குச் சரி

மாற்றுக் கழுவலைத் தவறு என்று அழைக்கும்போது சரி என்பது எங்கோ உறுதியாக நிற்பதாகக் கொள்ளப்படுகிறது. கடைவீதி ஆய்வகத்தில் அந்தச் சரியை நிறுவியது ஓர் அட்டை. வண்ண ஆடை அணிந்த வெள்ளையினப் பெண் ஒருவரின் படம் அதில் இருக்கும். அவருடைய தோல்நிறம் பொருந்தும்வரை இயந்திரம் திருத்தப்படும். ‘ஷர்லி அட்டை’ எனப்பட்ட அதன் வரலாற்றைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் விரிவாக ஆராய்ந்தார். பல இனத்தவரையும் சேர்த்த அட்டைகள் 1990-களில்தான் கோடாக்கிலிருந்து வந்தன. அதுவரை கருந்தோலினர் பலருடைய முகங்கள், விதிப்படி கழுவப்பட்ட படங்களிலேயே, விவரம் இழந்து இருண்டு கிடந்தன.

விதிப்படியான குளியலும் ஓர் உடன்பாடே என்பதனை இச்செய்தி உணர்த்துகிறது. எனினும் இதனை நீட்டி, எல்லா வண்ணமும் சமமே என்று முடிப்பது பொருந்தாது. உடன்பாடு எதுவென்று தெரிந்தால் விலகலை அளக்கலாம். வண்ண ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு அதுவே தேவை. ஒரு கொடியின் நிறத்தை, ஒரு சுவரோவியத்தின் நிறத்தை, ஒரு காலத்து ஆடையின் சாயத்தைப் படத்திலிருந்து கூற முனைபவர், அப்படம் எந்தச் சுருளில் எடுக்கப்பட்டு எந்தக் குளியலில் பிறந்தது என்று முதலில் கேட்டாக வேண்டும்.

மாற்றுக் குளியல் இல்லாத சுருள்

இதுவரை சொன்னவை யாவும் இணைப்பியைத் தன்னுள் கொண்ட சுருள்களுக்கே பொருந்தும். அத்தகைய சுருளுக்கு உரிய முறை மறைந்தாலும் வழி முழுவதும் அடைபடுவதில்லை. சி-22 முறை வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இருந்தும் பெட்டியடியில் கிடைத்த பழைய கோடாகலர் சுருளைத் தணிந்த வெப்பத்தில் சி-41 கரைசலில் இட்டுச் சிறிதளவேனும் வண்ணம் பெற முயலலாம். கனடாவின் ஃபிலிம் ரெஸ்க்யூ இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்களின் தொழிலே இத்தகைய மீட்பு. திரைப்பட நெகட்டிவைச் சிறு உருளைகளில் அடைத்துப் பொதுமக்களுக்கு விற்ற அமெரிக்க அஞ்சல்வழி ஆய்வகங்களின் சுருள்களும் இவ்வகையில் அடங்கும். அச்சுருள்களின் கரிப்பூச்சு கடைவீதி இயந்திரத்தைப் பாழாக்கும் என்பதால் வாங்கியவர் அதே ஆய்வகத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் பூச்சைக் கையால் நீக்கிவிட்டால் சி-41 அச்சுருளை ஏற்கும். இன்று அப்பூச்சை முன்னரே நீக்கி, சி-41இல் கழுவுவதற்கென்றே திரைப்படச் சுருளை விற்கும் நிறுவனங்களும் உண்டு. பாணியாக அறியப்பட்ட மாற்றுக் கழுவல் இங்கு மீட்பு முறையாகிறது.

கோடாக்ரோமுக்கு இந்த வழி இல்லை. அதனைச் சி-41இல் இட்டால் உருத்துலக்கி தன் வேலையைச் செய்து வெள்ளியை உண்டாக்கும். சாயமாக மாற இணைப்பி இல்லை. அடுத்து வரும் வெளுப்பானும் நிலைநிறுத்தியும் அவ்வெள்ளி முழுவதையும் கரைத்துவிடும். வெளிவருவது உருவமற்ற தெளிந்த பட்டை. வேறெந்தச் சுருளிலும் காண அரிதான முழு இழப்பு இது. அறியாமல் கடையில் கொடுக்கப்பட்ட சுருள்களுக்கு இதுவே நேரும்.

இதே கோடாக்ரோம்தான், முறையாகக் கழுவி இருளில் வைக்கப்பட்டால், தன் காலத்து வண்ணச் சுருள்களுள் மிக நீண்ட காலம் சாயம் மங்காதது. இணைப்பி எச்சங்கள் படலத்தில் தங்காமையும் அந்நிலைபேற்றுக்கு ஒரு காரணம். 1950-களின் எக்டாக்ரோம் ஸ்லைடுகள் பல நிறம் வெளுத்துக் கிடக்க, அதே காலத்துக் கோடாக்ரோம் ஸ்லைடுகள் இன்றும் புதியன போல் இருக்கின்றன. கழுவிய பின் நெடுநாள் நிற்பதும் கழுவும் முன் எவராலும் காப்பாற்ற இயலாததும் ஒரே வேதித் தெரிவின் இரு விளைவுகள்.

2009 ஜூன் மாதம் கோடாக்ரோம் உற்பத்தி நிறுத்தப்படுவதாகக் கோடாக் அறிவித்தது. அப்போது அந்நிறுவனத்தின் ஒளிப்படச் சுருள் விற்பனையில் அதன் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்த கழுவும் நிலையங்கள் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன. எஞ்சியது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிற்றூரிலிருந்த டுவேய்ன்ஸ் ஃபோட்டோ மட்டுமே. ஆலையில் செய்யப்பட்ட கடைசிச் சுருளில் ஸ்டீவ் மெக்கரி நியூயார்க்கிலும் இந்தியாவிலும் துருக்கியிலும் 36 படங்கள் எடுத்தார். 2010 ஜூலையில் அதனைக் கழுவுவதற்காகப் பார்சன்ஸ் சென்றபோது இறுதிச் சட்டத்தை அவ்வூர் இடுகாட்டில் பதித்தார். 1984இல் பெஷாவர் அகதி முகாமில் அவர் எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படமும் கோடாக்ரோமில் எடுக்கப்பட்டதே. அந்த ஆய்வகம் சுருள்களை ஏற்றுக்கொண்ட கடைசி நாள் 2010 டிசம்பர் 30. அவ்வாரத்தில் ஆர்கன்சாவிலிருந்து வந்த ரயில்வே ஊழியர் ஒருவர் 1,580 சுருள்களுக்குரிய ஸ்லைடுகளைப் பெற்றுக்கொண்டு 15,798 டாலர் செலுத்தினார் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பெரும்பாலும் ரயில்களின் படங்கள். 2011 ஜனவரியில் வரிசை நின்றது, இயந்திரம் கழற்றப்பட்டது.

அதன்பின் தனியர் சிலர் மூன்று உருத்துலக்கிகளையும் தாமே கலந்து ஓரிரு சட்டங்களில் வண்ணத்தை வரவழைத்துள்ளனர். நிறுவனங்கள் அளிக்கும் சேவை கறுப்பு வெள்ளைக் கழுவலோடு நின்றுவிடுகிறது. அதில் உருவம் கிடைக்கும். சுருளுக்குள் உள்ள மஞ்சள் வடிகட்டி அடுக்கு நீங்காமல் அடர்ந்து தெரியும்.

ஆகவே கழுவப்படாத கோடாக்ரோம் சுருள் ஒன்று ஒரு குடும்பத்தின் பெட்டியிலோ ஒரு காப்பகத்தின் அலமாரியிலோ கண்டெடுக்கப்பட்டால், பொறுப்பாளர் முன் இரண்டு தெரிவுகளே உள்ளன. கறுப்பு வெள்ளையில் கழுவினால் முகங்கள் தெரியும். ஆனால் மூன்று அடுக்குகளிலும் தனித்தனியே பதிந்திருந்த சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகள் ஒரே வெள்ளியாகிப் பிரிக்க இயலாதபடி கலந்துவிடும். கழுவாமல் குளிரில் வைத்தால் அப்பதிவுகள் தனித்தனியாகவே இருக்கும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மங்கிக்கொண்டும் இருக்கும்.